கட்டிய ஆண்டு

கடிதம் வந்து இருபத்தாறு நாள்.
அதன் மேல் ஒரு முறை பாலாடைக்கட்டி அறுத்திருக்கிறார்கள்,
மடிப்பில் எண்ணெய்.

"வானிலிருந்து எடுத்த படத்தில்
உங்கள் நிலத்தில்
பதிவு செய்யப்படாத வட்டமான கட்டடம் தெரிகிறது.
முப்பது நாளுக்குள் விவரம் தராவிட்டால்
அபராதம்."

சார்டீனியாவின் நடுமலையில்
ஒரு நகராட்சி அலுவலகம், இரண்டாம் சன்னல்.
இந்தப் பக்கம் பக்கீசியோ, பூட்ஸில் ஆட்டுப் புழுக்கை.
அந்தப் பக்கம் போனாரியா,
மேசையடியில் கழற்றிவிட்ட செருப்பு.

என்ன கட்டடம்? கோபுரம்.
உள்ளே யார்? ஆடுகள். மழை வந்தால் நானும்.
எத்தனை மாடி?
ஒன்றரை. மீதி நான் பிறக்கும் முன்பே விழுந்துவிட்டது.
சுவர்? கல்.
சிமென்ட்? இல்லை.
சுண்ணாம்பு? இல்லை. கல்மேல் கல், அவ்வளவுதான்.
கட்டிய ஆண்டு?

அவர் மோவாயை மெல்ல உயர்த்தினார்.
"வரலாற்றுக்கு முந்தையது."

அவள் அதை அப்படியே தட்டினாள்.
எழுத்து ஏற்கப்படாது, நான்கு இலக்கம் தேவை
என்றது திரை.
நான்கு சுழியம் இட்டாள். சிவப்பு.
கழித்தல் குறி போட்டுப் பார்த்தாள்.
திரை கொஞ்சம் யோசித்து
உறைந்தே போயிற்று.

"இந்தப் பெட்டி இருக்கிறதே,
இதுதான் வரலாற்றுக்கு முந்தையது"
என்று அதன் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஹீட்டரைக் காட்டி, இதுவும் என்றார் ஒருவர்.
நாற்காலியும்.
மேயரின் மூளையும்.
காலையில்தான் போனாரியாவின் மகள்
கதவை அறைந்துவிட்டுச் சொல்லிப் போனாள்,
பத்து மணிக்குள் வீடு திரும்பு என்பது
வரலாற்றுக்கு முந்தைய சட்டமாம்.

ஆக, அந்த அறையில் எல்லாமே
வரலாற்றுக்கு முந்தையவை.
உண்மையில் முந்தியிருந்த ஒன்றிடம் மட்டும்
தேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வரல் ஆறு. வந்த வழி.
அதை எழுதிவைத்தால் வரலாறு.
எழுதாமல் வந்தவர்களும்
நடந்துதான் வந்தார்கள்.
ஆள் உயரப் பாறையை உருட்டியே ஏற்றினார்கள்.
யாருக்கோ விரல் நசுங்கியது,
யாரோ அன்றைய கஞ்சியைத் தீயவிட்டார்கள்,
அதற்கொரு சண்டை நடந்தது.
நசுங்கிய நொடியில் கத்திய சொல்
எந்த மொழி என்றுகூட நமக்குத் தெரியாது.
எழுத்து வரவில்லை, அவ்வளவே. வலி வந்திருந்தது.

முந்தையது என்கிறோம்,
ஏதோ நம் முதுகுக்குப் பின்னால்
தொலைந்துபோனதைப் போல.
முன் என்றால் கண்ணெதிரே என்றும்தானே பொருள்?
பக்கீசியோவுக்கு அது விடியலில்
கதவைத் திறந்ததும் முன்னால் நிற்கிறது,
கறுப்பாக, தலையில் ஒரு காட்டு அத்திச் செடியோடு.

பெட்டி உயிர்த்தது.
பட்டியலின் அடியில், கடைசிக்கும் கடைசியில்
ஒரு வரி:
"1919க்கு முன்."
போனாரியா அவரைப் பார்த்தாள்.
"பொய் இல்லையே."
"இல்லைதான்."
தேவாலயத்துக்குப் பின்னாலிருக்கும் பன்றிக் கொட்டிலும்,
மூடிவிட்ட தபால் நிலையமும்,
அவர் மாமனார் விற்ற வீடும்
இருக்கும் அதே பெட்டிக்குள்
கோபுரமும் நுழைந்துகொண்டது.

ரசீது அச்சாக ஒன்பது நிமிடம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை;
பிரின்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் மழை.
ஆடுகள் ஒவ்வொன்றாகத் தலை தாழ்த்தி உள்ளே போயின.
வாசலின் இரு பக்கக் கல்லும்
கம்பளி உரசி உரசி வழவழத்திருந்தது.
சட்டைப் பையில் மடித்த ரசீதோடு
கடைசியாகக் குனிந்தார் பக்கீசியோ.
வழக்கம்போல் போதாத குனிவு.
நெற்றி இடித்தது.
ஒரு கெட்ட வார்த்தை வந்தது, உரக்க.
உள்ளே வட்டமாக ஒரு சுற்று சுற்றி
அது கல்லுக்குள் போயிற்று,
மற்றவற்றோடு.